பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை: டொமைன் சிஸ்டங்களில் லாகின் உரிமை

காலை ஒன்பதரைக்குக் கணக்குப் பிரிவிலிருந்து போன்: "சார், லாகின் ஆகலை." ஐடி பிரிவில் இருப்பவரின் கை தானாகப் போவது பாஸ்வேர்ட் ரீசெட்டுக்குத்தான். ரீசெட் செய்து, புதுப் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொல்லி, மறுமுனையில் அடித்துப் பார்த்து, "இப்பவும் அதேதான் வருது சார்" என்று பதில் வருவதற்குள் பத்து நிமிடம் போயிருக்கும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே வாசிக்கச் சொல்லியிருந்தால், பாஸ்வேர்டில் கை வைக்கவே தேவை இருந்திருக்காது.

விண்டோஸ் லாகினில் கேட்கப்படுவது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. 'நீ யார்?' என்பது முதல் கேள்வி. பாஸ்வேர்ட் சரிதானா, கணக்கு உயிரோடு இருக்கிறதா, பூட்டப்பட்டிருக்கிறதா, இந்த நேரத்தில் வரலாமா என்பதையெல்லாம் டொமைன் கன்ட்ரோலர் (அலுவலகத்தின் சிஸ்டங்களையும் கணக்குகளையும் ஒன்றாகச் சேர்த்த டொமைன் என்ற அமைப்பை நிர்வகிக்கும் சர்வர்) பார்த்துச் சொல்லும். 'இந்த சிஸ்டத்துக்குள் இந்த வழியாக வர உனக்கு உரிமை உண்டா?' என்பது இரண்டாவது. இதற்கு டொமைன் கன்ட்ரோலர் பதில் சொல்வதில்லை. எந்த சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோமோ, அந்த சிஸ்டமே தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. முதல் கேள்வியில் தேறியவர்தான் இரண்டாவதற்கு வருவார். ஆகவே "நீங்கள் பயன்படுத்தும் சைன்-இன் முறைக்கு அனுமதி இல்லை" என்ற பொருளில் செய்தி வந்தால், பாஸ்வேர்ட் சரி என்றுதான் அர்த்தம். அந்த இடத்தில் ரீசெட் செய்வது வீண் வேலை.

இந்த உரிமையை ஃபோல்டர் பெர்மிஷனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. வாசலில் உள்ளே விடுவது வேறு, பீரோ சாவி கொடுப்பது வேறு. லாகின் உரிமை சிஸ்டத்தைச் சேர்ந்தது. பெர்மிஷன் அதற்குள் இருக்கும் ஃபைலையும் ஃபோல்டரையும் சேர்ந்தது. டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் ஷேர் ஃபோல்டர் "ஆக்சஸ் டினைட்" என்கிறது என்றால், பெரும்பாலும் பார்க்க வேண்டியது பெர்மிஷனை.

உள்ளே வர எத்தனை வழி

ஒவ்வொரு வழிக்கும் விண்டோஸ் தனித்தனி உரிமை வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி என்று தேடித் திறந்து, லோக்கல் பாலிசீஸ், அதற்குள் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் என்று போனால் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். (ஹோம் பதிப்பில் இது கிடையாது. ஹோம் பதிப்பை டொமைனிலும் சேர்க்க முடியாது என்பதால் நமக்கு அது பொருட்டல்ல.)

சிஸ்டத்தின் முன் உட்கார்ந்து நேரில் லாகின் ஆக "அலவ் லாக் ஆன் லோக்கலி" வேண்டும். வேறொரு சிஸ்டத்திலிருந்து ஷேரைத் திறக்க "ஆக்சஸ் திஸ் கம்ப்யூட்டர் ஃப்ரம் த நெட்வொர்க்". ரிமோட் டெஸ்க்டாப்பில் வர "அலவ் லாக் ஆன் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்". டாஸ்க் ஷெட்யூலரில் ஓடும் வேலைக்கும் சர்வீசுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று உண்டு. இந்த ஐந்துக்கும் "டினை" என்று தொடங்கும் எதிர்ப்பட்டியலும் இருக்கிறது. ஒருவர் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் டினைதான் ஜெயிக்கும்.

சாதாரண விண்டோஸ் சிஸ்டத்தில், நேரில் லாகின் ஆகும் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ், யூசர்ஸ் ஆகிய குரூப்களுக்கும் கெஸ்ட் கணக்குக்கும் இருக்கும். (கெஸ்ட் பெயர் டினை பட்டியலிலும் இருப்பதால் அதற்குப் பயன் இல்லை.) ஒரு சிஸ்டத்தை டொமைனில் சேர்த்ததும், டொமைன் யூசர்ஸ் என்ற குரூப் அந்த சிஸ்டத்தின் யூசர்ஸ் குரூப்புக்குள் தானாகப் போய் உட்காரும். அதனால்தான் யாரையும் தனியாகச் சேர்க்காமலே எந்த ஊழியரும் எந்த சிஸ்டத்திலும் லாகின் ஆக முடிகிறது. "பாதுகாப்புக்காக" யாராவது அந்த வரியையும், அதே குரூப்பில் இயல்பாகவே இருக்கும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், இன்டராக்டிவ் வரிகளையும் நீக்கியிருந்தால், அந்த சிஸ்டத்தில் அட்மின் தவிர ஒருவரும் நுழைய முடியாது. ஒரே ஒரு சிஸ்டத்தில் மட்டும் எல்லாருக்கும் சிக்கல் என்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

சர்வரில் கதை வேறு. டொமைன் கன்ட்ரோலரில் சாதாரண யூசர் நேரில் லாகின் ஆகவே முடியாது. அது கோளாறு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். டேலி போட்ட சர்வரும் டொமைன் கன்ட்ரோலரும் ஒரே பெட்டியாக இருக்கும் சின்ன அலுவலகங்களில்தான் இதைத் "சரிசெய்ய" முயன்று பெரிய ஓட்டை போட்டுவிடுகிறார்கள்.

4625 என்ற எண்

திரையில் வரும் செய்தி பாதிதான் சொல்லும். முழுவதையும் சொல்வது ஈவன்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி. அதில் 4625 என்ற எண்ணை வடிகட்டிப் பாருங்கள். தோற்றுப்போன ஒவ்வொரு லாகினும் அந்த எண்ணில் பதிவாகும். வெற்றி பெற்றது 4624.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: 4625 பதிவாவது லாகின் முயற்சி நடந்த சிஸ்டத்தில். டொமைன் கன்ட்ரோலரில் தேடிவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று கைவிடுவதைப் பார்க்கலாம். நேரில் லாகின் ஆகவில்லை என்றால் அந்த மேசைச் சிஸ்டத்திலேயே பாருங்கள். ஷேர் திறக்கவில்லை என்றால் ஷேர் இருக்கும் சர்வரில் பாருங்கள். அங்கும் 4625 இல்லை என்றால் ஆடிட் பாலிசியில் லாகான் தோல்விகளைப் பதிவு செய்யும் அமைப்பு அணைந்திருக்கலாம். அதைப் போட்டுவிட்டு மறுபடி ஒருமுறை லாகின் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு 4625 பதிவைத் திறந்தால் பெரிய பத்தியாக ஏதேதோ இருக்கும். நமக்கு வேண்டியது நான்கு வரிகள்.

முதலாவது, அக்கவுண்ட் நேம், அக்கவுண்ட் டொமைன். இதில் டொமைன் பெயர் வர வேண்டிய இடத்தில் அந்த சிஸ்டத்தின் பெயரே வந்திருந்தால், அவர் டொமைன் கணக்கில் முயலவே இல்லை. சிஸ்டத்தில் உள்ள லோக்கல் கணக்கைத் தேடியிருக்கிறது. லாகின் திரையில் பாஸ்வேர்ட் பெட்டிக்குக் கீழே 'சைன் இன் டு' என்ற வரியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் விஷயம் முடிந்தது. டொமைன் பெயர், பின்சாய்கோடு, யூசர் நேம் என்று முழுதாக அடித்தால் போதும். தலைகீழாக, லோக்கல் கணக்கில் நுழைய வேண்டுமென்றால் டொமைன் பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்து .\ என்று தொடங்க வேண்டும்.

இரண்டாவது, லாகான் டைப். 2 என்றால் நேரில் கீபோர்டில். 3 என்றால் நெட்வொர்க் வழியாக, பெரும்பாலும் ஷேர் ஃபோல்டர். 4 ஷெட்யூல் செய்த வேலை, 5 சர்வீஸ், 7 பூட்டிய திரையைத் திறப்பது, 10 ரிமோட் டெஸ்க்டாப். 11 என்றால் டொமைன் கன்ட்ரோலரைத் தொடாமல், சிஸ்டம் தன் நினைவில் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டை வைத்துச் சரிபார்த்த லாகின். மேலே சொன்ன எந்த உரிமையைச் சோதிக்க வேண்டும் என்பதை இந்த எண்தான் சொல்கிறது.

மூன்றாவதும் நான்காவதும் ஸ்டேட்டஸ், சப் ஸ்டேட்டஸ். இவை நீளமான எண்கள். முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை விட்டுவிட்டுக் கடைசி இலக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். 64 என்று முடிந்தால் அப்படி ஒரு யூசரே இல்லை. பெயரில் எழுத்துப் பிழை. 6ஏ என்றால் பாஸ்வேர்ட் தப்பு. 72 கணக்கு டிசேபிள் ஆகியிருக்கிறது. 71 பாஸ்வேர்ட் காலாவதி, 193 கணக்கே காலாவதி, 224 அடுத்த லாகினில் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லியிருக்கிறது. 234 கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. 6எஃப் அனுமதித்த நேரத்துக்கு வெளியே வந்திருக்கிறார். 70 அனுமதிக்காத சிஸ்டத்தில் வந்திருக்கிறார். 133 சிஸ்டத்தின் கடிகாரத்துக்கும் டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரத்துக்கும் ஒத்துப்போகவில்லை.

ஸ்டேட்டஸ் 15பி என்று முடிந்து, சப் ஸ்டேட்டஸ் வெறும் பூஜ்ஜியமாக இருந்தால், அதுதான் நம் இரண்டாவது கேள்வி: ஆள் சரி, பாஸ்வேர்ட் சரி, இந்த சிஸ்டத்தில் இந்த வழிக்கு உரிமை இல்லை. மேலே உள்ள மற்றவையெல்லாம் முதல் கேள்வியைச் சேர்ந்தவை. இந்த ஒரு எண்ணைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதித் தேடல் மிச்சம்.

கணக்கிலேயே போட்ட கட்டுப்பாடு

முதல் கேள்வியில் தோற்றவர்களுக்கு ஒரே கட்டளை போதும். டொமைனில் உள்ள எந்த சிஸ்டத்திலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நெட் யூசர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அவருடைய யூசர் நேம், பிறகு சாய்கோட்டோடு டொமைன் என்ற சொல். கணக்கு செயலில் இருக்கிறதா, எப்போது காலாவதி, பாஸ்வேர்ட் எப்போது மாற்றப்பட்டது, எந்தெந்த சிஸ்டங்களில் அனுமதி, எந்த நேரத்தில் அனுமதி, எந்தக் குரூப்களில் இருக்கிறார் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

சிஸ்டம் கட்டுப்பாடு என்பது ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகள் எல்லாம் இருக்கும் பதிவேடு) அந்த யூசரின் அக்கவுண்ட் தாவலில் உள்ள 'லாக் ஆன் டு' பட்டன். அங்கே இரண்டு சிஸ்டத்தின் பெயர் போட்டிருந்தால் மூன்றாவதில் அவர் நுழைய முடியாது. சிஸ்டத்தை மாற்றிக் கொடுக்கும்போது, அல்லது பெயரை மாற்றும்போது, இந்தப் பட்டியலை மாற்ற மறப்பதுதான் வழக்கமான பிழை.

நேரக் கட்டுப்பாட்டில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. அனுமதி நேரத்தை ஆக்டிவ் டைரக்டரி முழு மணிக் கணக்கில், உலகப் பொது நேரப்படி சேமிக்கிறது. வாரத்துக்கு 168 கட்டங்கள். இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளியவை. அந்த அரை மணிக்கு அங்கே கட்டமே இல்லை. ஆகவே சரியாக 9 மணியிலிருந்து என்று போட்டால் எல்லை அரை மணி பிசகும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மணி நேரம் தாராளமாக விட்டு அமைப்பதே நல்லது.

கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்றால், திறந்துவிடுவதோடு நிறுத்தாதீர்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றிய அன்றிலிருந்து எங்கோ ஒரு மூலையில் பழைய பாஸ்வேர்ட் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும்: கைபேசியில் அமைத்த அலுவலக மெயில், கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்தது, மேப் செய்த டிரைவ், அவர் பெயரில் ஓடும் ஷெட்யூல் வேலை, அவர் லாக் ஆஃப் செய்யாமல் விட்டுப்போன இன்னொரு சிஸ்டம். டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற பதிவைத் தேடினால், எந்த சிஸ்டத்திலிருந்து பூட்டு விழுந்தது என்பது காலர் கம்ப்யூட்டர் நேம் என்ற வரியில் இருக்கும். நேரே அங்கே போய்விடலாம்.

குரூப் பாலிசி பட்டியலை அழித்து எழுதும் விதம்

15பி வந்துவிட்டது, டொமைன் யூசர்ஸும் சிஸ்டத்தின் யூசர்ஸ் குரூப்பில் இருக்கிறது. இனி பார்க்க வேண்டியது குரூப் பாலிசி, அதாவது டொமைனிலிருந்து சிஸ்டங்களுக்கு வரும் அமைப்புகள். அதிக நேரத்தைத் தின்னும் பகுதியும் இதுதான்.

லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் "அலவ் லாக் ஆன் லோக்கலி"யைத் திறந்து பாருங்கள். பெயர் சேர்க்கும் பட்டன் மங்கிக் கிடந்தால் அந்தப் பட்டியல் டொமைனிலிருந்து வருகிறது. இங்கே மாற்ற முடியாது. எந்தப் பாலிசி என்று கண்டுபிடிக்க, அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஜிபிரிசல்ட் கட்டளையை எச் என்ற எழுத்துள்ள சாய்கோட்டோடும் ஒரு ஃபைல் பெயரோடும் ஓட்டினால், பிரவுசரில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் கம்ப்யூட்டர் பகுதியில் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்டுக்குக் கீழே, ஒவ்வொரு உரிமைக்கும் நேரே 'வின்னிங் ஜிபிஓ' என்று ஒரு பாலிசியின் பெயர் இருக்கும். குற்றவாளி அதுதான்.

ஏன் குற்றவாளி? யூசர் ரைட்ஸ் பட்டியல்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. பலரும் இதை எதிர்பார்ப்பதில்லை. ஒரு பாலிசியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், ரிசப்ஷன் குரூப் என்று இரண்டு பெயர் எழுதினால், ஏற்கெனவே இருந்த யூசர்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸோடு அவை போய்ச் சேரும் என்று நினைப்போம். சேராது. பழைய பட்டியல் முழுவதும் அழிந்து இந்த இரண்டு மட்டும் நிற்கும். இரண்டு பாலிசிகள் ஒரே உரிமையைத் தொட்டால், கடைசியாக வருவது முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வரிசை: முதலில் லோக்கல், பிறகு சைட் (கிளை அலுவலகம் போன்ற ஓர் இடத்தின் நெட்வொர்க்), பிறகு டொமைன், கடைசியில் ஓயூ (டொமைனுக்குள் சிஸ்டங்களையும் யூசர்களையும் பிரித்து வைக்கும் பிரிவு).

இப்படி வைத்துக்கொள்வோம். வரவேற்பு மேசையில் உள்ள இரண்டு சிஸ்டங்களில் வரவேற்புப் பணியாளர்கள் மட்டுமே லாகின் ஆக வேண்டும். பாலிசியை எழுதியவர் அதை அந்த இரண்டு சிஸ்டங்கள் உள்ள ஓயூவில் இணைக்காமல், ஒரு படி மேலே, அலுவலகத்தின் எல்லாச் சிஸ்டங்களும் உள்ள ஓயூவில் இணைத்துவிட்டார். மாலையில் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே லாகின் ஆனவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிஸ்டங்கள் பாலிசியைப் புதுப்பிப்பது 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக. மறுநாள் காலை சிஸ்டத்தைப் போட்டதும் மொத்த அலுவலகமும் வெளியே நிற்கும். "நேற்று எதுவும் மாற்றவில்லையே" என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பாமல் வின்னிங் ஜிபிஓவைப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பாலிசியை யூசர்கள் உள்ள ஓயூவில் இணைப்பது. லாகின் உரிமை கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் பகுதியைச் சேர்ந்தது. சிஸ்டத்தின் கணக்கு எந்த ஓயூவில் இருக்கிறதோ அங்கே இணைத்தால்தான் அது வேலை செய்யும். யூசர் ஓயூவில் இணைத்துவிட்டு பாலிசியைப் புதுப்பிக்கும் ஜிபி அப்டேட் கட்டளையை நூறு தடவை ஓட்டினாலும் ஒன்றும் நடக்காது.

டினை பட்டியலில் இன்னும் கவனம் வேண்டும். "டினை லாக் ஆன் லோக்கலி"யில் டொமைன் யூசர்ஸைச் சேர்த்து, அலவ் பட்டியலில் வேண்டியவர்களை மட்டும் போட்டால் போதும் என்று தோன்றும். டொமைன் அட்மின் கணக்குகளும் டொமைன் யூசர்ஸ் குரூப்பில்தான் இருக்கின்றன. டினை ஜெயித்து அட்மினும் வெளியே போய்விடுவார். ஆனால் யாரும் லாகின் ஆகாவிட்டாலும் சிஸ்டம் பாலிசியை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வேறொரு சிஸ்டத்திலிருந்து பாலிசியைத் திருத்தி, பூட்டிக்கொண்டதை ரீஸ்டார்ட் செய்தால் திறந்துவிடும். டினை லோக்கலில் எழுதப்பட்டிருந்தால், டொமைன் பாலிசியில் அதே உரிமையை வரையறுத்துப் பட்டியலைக் காலியாக விடுங்கள்; மேலிருந்து வருவது லோக்கலை அழிக்கும். ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால் அலவ் பட்டியலில் அவரைச் சேர்க்காமல் விடுவதே சுத்தமான வழி; டினையைத் தொடாமல் காலம் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

குரூப்பில் ஆளைச் சேர்த்தாகிவிட்டது, இன்னும் ஆகவில்லையா? ஏற்கெனவே உள்ளே இருப்பவர் லாக் ஆஃப் செய்து மீண்டும் வந்தால்தான் புதிய குரூப் அவருக்குத் தெரியும். திரையைப் பூட்டித் திறந்தால் போதாது. கிளை அலுவலகத்துக்குத் தனி டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் இன்னொரு தாமதம்: தலைமை அலுவலகத்தில் செய்த மாற்றம் வேறு சைட்டுக்குப் போய்ச்சேர, யாரும் மாற்றியமைக்காத நிலையில், மூன்று மணி நேரம் வரை ஆகலாம். மதுரையில் இருப்பவருக்காகச் சென்னையில் டிக் போட்டுவிட்டு உடனே "இப்ப பாருங்க" என்றால் அவர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். மதுரை டொமைன் கன்ட்ரோலரோடு இணைந்து மாற்றத்தைச் செய்தால் காத்திருப்பு இல்லை.

ரிமோட் டெஸ்க்டாப்

ஊழியர் நேரில் லாகின் ஆகிறார், ரிமோட்டில் மட்டும் "நாட் ஆத்தரைஸ்ட் ஃபார் ரிமோட் லாகின்" என்று வருகிறது என்றால், அந்த சிஸ்டத்தின் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற லோக்கல் குரூப்பில் அவரைச் சேருங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸில் சேர்த்தாலும் வேலை செய்யும் என்பதால் அவசரத்தில் பலர் அதைச் செய்துவிடுகிறார்கள். பிறகு அதை யாரும் நீக்குவதில்லை.

உரிமைச் சிக்கல் போலத் தெரிபவை

மூன்று விஷயங்கள் லாகின் உரிமையின் வேஷத்தில் வரும்.

"டொமைன் கிடைக்கவில்லை" என்றால் டிஎன்எஸ் (பெயரை வைத்து நெட்வொர்க் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சேவை). சிஸ்டத்தின் டிஎன்எஸ் முகவரி டொமைன் கன்ட்ரோலரைக் காட்ட வேண்டும். இணையம் மெதுவாக இருக்கிறது என்று யாரோ 8.8.8.8 என்று மாற்றியிருப்பார்கள். இணையம் ஓடும், டொமைனைக் கண்டுபிடிக்க முடியாது. முன்பே அங்கே லாகின் ஆனவர்கள் நினைவில் உள்ள பாஸ்வேர்டால் நுழைந்துவிடுவார்கள் (வழக்கமாகக் கடைசி 10 பேர் வரை). புதிதாக வருபவருக்குத்தான் கதவு திறக்காது. "எனக்கு ஆகுது, அவருக்கு மட்டும் ஆகலை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிகாரம். டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். சிஸ்டத்தைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் தேதி பல வருடம் பின்னால் போய் நின்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கையால் நேரத்தைத் திருத்துவது அன்றைக்கு மட்டும்தான். சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் மறுபடி அதே கதை.

மூன்றாவது "டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்" தோற்றுவிட்டது என்ற செய்தி. யூசருக்குப் போலவே சிஸ்டத்துக்கும் டொமைனில் ஒரு பாஸ்வேர்ட் உண்டு. சாதாரணமாக 30 நாளுக்கு ஒருமுறை அதுவே மாற்றிக்கொள்ளும். பழைய பேக்கப் இமேஜை மீட்டால் பழைய பாஸ்வேர்டும் கூடவே வந்துவிடும், டொமைன் அதை ஏற்காது. லோக்கல் அட்மின் கணக்கில் நுழைந்து பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை ரிப்பேர் தெரிவோடும், கிரெடென்ஷியல் தெரிவில் ஒரு டொமைன் அட்மின் கணக்கோடும் ஓட்டினால் சரியாகும். டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்க்கும் நீண்ட வழி பெரும்பாலும் தேவைப்படாது. லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை என்றால், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, முன்பு அந்த சிஸ்டத்தில் லாகின் ஆகியிருக்கும் அட்மின் கணக்கில் முயலுங்கள். நினைவில் உள்ள பாஸ்வேர்டால் உள்ளே விட்டுவிடும். உள்ளே போனபின் கேபிளைச் செருகிக் கட்டளையை ஓட்டலாம்.

டொமைனே இல்லாமல் ஐந்தாறு சிஸ்டங்களை ஒர்க்குரூப்பில் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே அடிக்கடி வருவது ஒன்றுதான்: பாஸ்வேர்டே வைக்காத கணக்கால் பக்கத்து சிஸ்டத்தின் ஷேரைத் திறக்க முயல்வது. பாஸ்வேர்ட் இல்லாத லோக்கல் கணக்கை விண்டோஸ் நேரில் மட்டும்தான் உள்ளே விடும், நெட்வொர்க் வழியாக விடாது. ஷேர் இருக்கும் சிஸ்டத்தில் அதே யூசர் நேமையும் ஒரு பாஸ்வேர்டையும் உருவாக்கி, கேட்கும் சிஸ்டத்திலும் அதே இரண்டையும் வைத்துவிட்டால் திறந்துவிடும்.